ஏற்றத்தில் எல்லோரும் இறங்கவேண்டும்

குதிரையண்ணையின் கோச்சுவண்டியில் ஏறிய எல்லோரும் பாதி வழியில் ஒருதரம் இறங்கியிருக்கிறார்கள். மரப்பாலத்தைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் கோச்சை நிறுத்துவார். முதலில் தான் இறங்குவார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து, "இனி நடை" என்பார். எங்கள் சனம் என்றால் தமிழில், சுவிஸ்காரர் என்றால் அவர்களுடைய பாஷையில். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் நடக்கக்கூடிய ஒருவர் உள்ளே மிச்சம் இருந்தாலும் கதவைச் சாத்தமாட்டார். குதிரைகளுக்கு முன்னால் போகவும் மாட்டார்.

சுவிஸில், துன் ஏரிக்கரையில் இருந்து மலைமேல் இருக்கும் ஒரு பழைய விடுதிவரைக்கும் அவருடைய கோச் ஓடியது. கோடைகாலத்தில் சனி, ஞாயிறு மட்டும். இரண்டு குதிரைகள், எட்டுப் பேர் இருக்கக்கூடிய மூடுகோச். மஞ்சளும் கறுப்புமாக வர்ணம் அடித்திருந்தார். நான் கிழமை நாட்களில் துன்னில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். சனி, ஞாயிறில் அவருக்கு உதவி. ஏற்றத்தில் அவர் குதிரைகளின் தலைமாட்டில் நடக்க, நான் மேலே ஆசனத்தில் இருந்து ஒரு கையில் கடிவாள வாரையும் மற்றக் கையில் பிரேக் தடியையும் பிடித்திருப்பேன். அந்தத் தடி பழசு. கையை எடுத்தால் தளர்ந்துவிடும்.

"நீயும் இறங்கவேண்டிய ஆள்தான்," என்று என்னிடம் சொல்வார். "பிரேக்குக்கு ஒரு கை தேவை. அதாலை உன்னை மன்னிச்சு விட்டிருக்கிறன்."

இறங்கியவர்களில் கொஞ்சம் வாட்டசாட்டமான ஒருவரைப் பார்த்து ஒரு மரக்கட்டையைக் கையில் கொடுப்பார். அந்த ஆள் கோச்சுக்குப் பின்னால் நடந்துவர வேண்டும். குதிரைகள் மூச்சுவிட நின்றால் பின்சில்லு உருளாமல் அண்டையாகக் கட்டையை வைக்க வேண்டும். "இதை மட்டும் கையாலை விட்டிடாதையுங்கோ," என்பார். பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர்கள்கூட அந்தக் கட்டையைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடப்பதை நான் மேலே இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

அவர் யாழ்ப்பாணத்து நெடுந்தீவு ஆள். அங்கே குதிரைகள் ஆருக்கும் சொந்தமில்லாமல் வெளியில் திரியும் என்றும், மழை பொய்த்த வருடங்களில் தண்ணீர் தேடி நடந்து நடந்து விழும் என்றும் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பது எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்தால் என்ன பிழையாக வந்துவிடுமோ என்று சின்ன வயதில் இருந்தே ஒரு பயம்.

கோச்சை அவருக்குக் கொடுத்தவர் அந்த ஊரில் மாடும் புல்வெளியும் வைத்திருந்த கமக்காரர் ஒருவர். அவருடைய முப்பாட்டன் காலத்தில் ரயில் இல்லை. மலை தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் கோச்சில்தான் போனார்கள். பாதை ஓரத்தில் விடுதி வைத்திருந்தவர்களே குதிரைகளையும் வைத்திருந்தார்கள். அவர்களே தபாலையும் ஆட்களையும் ஏற்றி இறக்கினார்கள். ஒரு விடுதியில் இருந்து அடுத்த விடுதிவரைக்கும் ஒரு சோடிக் குதிரை. அங்கே அவிழ்த்துவிட்டு வேறு சோடி பூட்டுவார்கள். இதையெல்லாம் அண்ணை கமக்காரரிடம் கேட்டறிந்து, தன்னுடைய விதத்தில் எங்களுக்குச் சொல்வார்.

"ரெண்டு முதலாளிமார் இருந்தவங்களாம். ஒரே பாதை, ஒரே ஏத்தம். ஒருத்தன் சனத்தை இறக்கி நடக்கவிட்டவன். மற்றவன், என்ரை கோச்சிலை வந்தால் உங்கடை சப்பாத்திலை தூசி படாது எண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சவன். சனம் ஆரிட்டைப் போகும்?"

"சொகுசுக்காரனிட்டை," என்று ஆராவது சொல்வார்கள்.

"ஓம். சனம் அவனிட்டைத்தான் போனது. பிறகு சுரங்கம் வெட்டினாங்கள், ரயில் வந்தது, ரெண்டு பேரையும் ஒரேயடியா விழுங்கிப்போட்டுது. ஆனா ஒருத்தன்ரை குதிரையள் வயசுபோய்த்தான் செத்தது."

இந்தக் கதையை அவர் மரப்பாலத்துக்குச் சற்று முன்னால்தான் சொல்வார். கதை முடிய ஏற்றம் வந்துவிடும். கதையைக் கேட்டபிறகு உள்ளேயே இருக்க ஆருக்கும் மனம் வராது.

ஒரு கல்யாணச் சோடியை மேலே விடுதியில் படம் எடுப்பதற்காக ஏற்றிப்போனது நினைவிருக்கிறது. பொம்பிளை கூறைச்சேலையில், மாப்பிள்ளை தலைப்பாகையோடு. கூட வந்த மாமாவுக்கு அண்ணையின் பழக்கம் தெரியாது.

"இனி நடை," என்றார் அண்ணை.

மாமா தலையை வெளியே நீட்டினார். "ஆர் நடக்கிறது?"

"எல்லாரும்தான்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? தாலி கட்டி இன்னும் ஒரு நேரச் சோறு தின்னேல்லை, பொம்பிளை மாப்பிள்ளையை றோட்டிலை இறக்கிறதோ? சகுனம் எண்டு ஒண்டு இருக்கு, தெரியுமோ?"

"சகுனம் எனக்குத் தெரியாது ஐயா. பாரம் தெரியும். பொம்பிளையின்ரை நகைக்கே தனியா ஒரு குதிரை பூட்டவேணும்."

உள்ளே இருந்து பொம்பிளை சிரித்த சத்தம் கேட்டது. அவள் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "மாமா, இந்தச் செருப்பைக் கொஞ்சம் பிடியுங்கோ," என்று கழற்றி அவரிடமே கொடுத்தாள். பிறகு அண்ணையிடம் கையை நீட்டி, "கட்டையை எனக்குத் தாங்கோ," என்றாள்.

கூட வந்த வீடியோக்காரருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கழுத்து நிறைய மாலையும், கையில் மரக்கட்டையுமாக ஒரு மணப்பெண் கோச்சுக்குப் பின்னால் நடந்து வருவதை அவர் முன்னால் ஓடியும் பின்னால் ஓடியும் எடுத்தார். மாமா மட்டும் மேலே போய்ச் சேரும்வரைக்கும் ஒருவரோடும் கதைக்கவில்லை. செருப்பையும் கீழே வைக்கவில்லை.

எல்லோரும் அப்படி இல்லை. ஒரு சுவிஸ்காரர், பெரிய பணக்காரர்போல, தான் இறங்குவதற்குப் பதிலாக இன்னொரு குதிரைக்குக் காசு தருவதாகச் சொன்னார். "நல்லது, அந்தக் குதிரை வந்து சேரும் வரைக்கும் வெளியிலை நில்லுங்கோ," என்று அண்ணை அவருடைய பாஷையிலேயே சொன்னார். அந்த மனிதர் இறங்கி, ஏற்றத்தில் நடக்காமல், வந்த வழியே கீழே நடந்து போய்விட்டார். அண்ணை அவருக்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க மனம் பதகளித்துக்கொண்டிருந்தது. இப்படி ஒவ்வொருவராகப் போனால் என்ன செய்வது என்று நினைத்தேன்.

இறங்கச் சொல்லாமல் விட்டவர்களும் உண்டு. ஆளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். என் மனைவி மூத்தவனை வயிற்றில் வைத்திருந்தபோது ஒருநாள் வந்தாள். "பிள்ளை, நீர் இரும்," என்று அவள் பக்கத்துக் கதவை மட்டும் சாத்திவிட்டார். "ஒருத்தருக்கு ஏலாட்டி அது வேறை. ஏலுமெண்டு வைச்சுக்கொண்டு இருக்கிறதுதான் எனக்குப் பிடிக்காது."

கோச்சை அவர் ஓட்டத் தொடங்கியது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. கோடை முழுவதும் கல்யாணம், பூப்படைந்த பிள்ளைகளுக்குச் சாமத்திய வீடு என்று எங்கள் சனம் முன்பே சொல்லிவைத்திருந்தது. வைகாசியில் வன்னியில் போரின் கடைசி நாட்கள் வந்தன. அதன் பிறகு ஒருவரும் ஒரு கொண்டாட்டமும் வைக்கவில்லை. எல்லோரும் ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். ஊரில் இருந்தவர்கள் எங்கே கிடக்கிறார்கள், முகாமில் பெயர் இருக்கிறதா என்பதைத் தவிர ஆரிடமும் வேறு கதை இல்லை. அண்ணையின் தமையன் குடும்பமும் வன்னியில்தான் இருந்தது. ஆனாலும் குதிரைகள் நடந்து பழகவேண்டும் என்று சனிக்கிழமைகளில் வெறும் கோச்சைப் பூட்டிக்கொண்டு போவோம். மரப்பாலம் தாண்டியதும் நிறுத்துவார். இறங்குவார். உள்ளே ஒருவரும் இல்லாத கதவைத் திறந்து ஒருதரம் பார்த்துவிட்டுச் சாத்துவார். பிறகு குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நடப்பார். மேலே இருந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு போவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏதாவது சொல்லியிருந்தாலும் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருப்பார்?

அடுத்த வருடங்களில் சனம் மெல்ல மெல்ல வந்தது. அதற்குப் பிறகு சில கோடைகள் நல்லாய்த்தான் போயின.

அவருடைய நடை மாறியதை முதலில் கண்டது நான்தான். முன்பெல்லாம் குதிரையின் கழுத்தில் கை வைத்திருப்பார். பிறகு கழுத்துப்பட்டையைப் பிடித்தார். அதற்குப் பிறகு, அதில் தொங்குகிறவர்போல நடந்தார். குதிரை அவரைக் கூட்டிக்கொண்டு போவதுபோல எனக்குப் பட்டது. வைத்தியர் இருதயத்தில் அடைப்பு என்றார். சத்திரசிகிச்சை செய்யவேண்டும், அதுவரை ஏற்றம் ஏறவே கூடாது என்றார். அண்ணை ஐப்பசிக்கு நாள் கேட்டு வாங்கிக்கொண்டார். ஐப்பசியில் கோச் ஓடாது.

அக்கா, அவருடைய மனைவி, ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார். ஒருநாள் வேலை முடிந்த கையோடு நான் கோப்பை கழுவும் ஹோட்டலின் பின்வாசலுக்கு வந்துவிட்டார். வேலைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, நான் சொல்லிக் களைச்சுப்போனன். பிள்ளையள் சொல்லியாச்சு. சேர்ச் பாதர் சொல்லியாச்சு. நீ ஒருக்காச் சொல்லு. கோச்சை விடச் சொல்லேல்லை. அந்த ஒரு ஏத்தத்துக்கு மேலை ஏறி இருக்கச் சொல்லு. அவ்வளவும்தான்."

"நான் சொன்னால் கேப்பாரோ அக்கா?"

"நீ ஒண்டும் சொல்லாத ஆள். அப்பிடியான ஆள் வாய் திறந்தால் யோசிப்பார்."

லாயத்தில் குதிரைகளுக்கு உடம்பு தேய்த்துக்கொண்டு நின்றபோது தொடங்கினேன்.

"அண்ணை."

"ம்."

"ஏத்தத்திலை நீங்கள் மேலை இருந்து பிரேக்கைப் பிடியுங்கோ. நான் இறங்கி நடக்கிறன்."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அவள் வந்தவளோ?"

"ஓம்."

"சரி. நான் மேலை இருக்கிறன். கதவைத் திறக்கிறது ஆர்? இனி நடை எண்டு சொல்லுறது ஆர்?"

"நீங்கள் மேலை இருந்து சொல்லுங்கோவன்."

"நான் இருந்துகொண்டு மற்றவனை இறங்கு எண்டு சொல்லுறதோ? அதுக்குச் சொல்லாமலே விடலாம். நடக்கிறவன்தான் சொல்லலாம். நீ நடந்தால் நீதான் சொல்லவேணும். சொல்லிப்பார். இப்ப சொல்லு, இந்தக் குதிரைக்குச் சொல்லு பாப்பம்."

நான் குதிரையைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு திரும்ப அதன் முதுகைத் தேய்த்தேன். அண்ணை சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப சனத்தை இறக்காமல் விடுவம்," என்றேன். அவ்வளவு நீளமாக அவரோடு நான் வாதாடியதே இல்லை. "இந்தக் கோடைக்கு மட்டும். ஒருதரும் கேக்க மாட்டினம்."

"எட்டுப் பேரோடை இந்த ஏத்தமோ?" குதிரையின் முன்னங்காலைத் தடவினார். "இவனுக்கும் வயசு போட்டுது. இவனுக்கு ஐப்பசியிலை ஒருதரும் நாள் குடுக்கேல்லை."

அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "கேக்கமாட்டன் எண்டுறார்," என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

அந்தக் கோடையின் கடைசி, புரட்டாதி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. எம்மன்புரூக்கே என்ற ஊரில் இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தகப்பனுக்கு அறுபதாவது பிறந்தநாள். பிள்ளைகள், மருமகன், பேரப்பிள்ளைகள். நல்ல மனிதர்கள். கோச் நிற்கமுன்னரே இறங்க ஆயத்தமாக இருந்தார்கள். வெயில் கடுமையாக அடித்தது. குழந்தைகளின் முகம் சிவந்திருப்பதைப் பார்த்த அண்ணை, "நீங்கள் றோட்டாலை வரவேண்டாம். உதிலை காட்டுக்குள்ளாலை குறுக்குப் பாதை போகுது, நிழல். மேலை வளைவிலை நில்லுங்கோ, நாங்கள் வந்து ஏத்துறம்," என்றார். வழக்கம்போல மருமகனின் கையில் கட்டையைக் கொடுத்து, கையால் விடவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். எல்லோரும் கதைத்துச் சிரித்துக்கொண்டு மரங்களுக்குள் போனார்கள்.

கொஞ்சத்தூரம் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "அண்ணை, கட்டை?"

அவர் திரும்பிப் பார்த்தார். மருமகன் சொல்லுக் கேட்டவன். கட்டையைக் கையால் விடாமல் காட்டுக்குள் கொண்டுபோய்விட்டான்.

"பரவாயில்லை," என்று சிரித்தார். "இண்டைக்குக் கட்டைக்கும் நடை."

அந்தப் பழைய பாதையில் வாகனங்கள் வருவதில்லை. ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் பள்ளம். மிகச் சாய்வான இடத்தில் அண்ணை நின்றார். அந்த இடத்தில் அவர் ஒருநாளும் நிறுத்துவதில்லை. குதிரைகளும் நின்றன. நான் தடியை முழுப் பலத்தோடும் இழுத்துப் பிடித்தேன். அவர் கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு, புல் ஓரமாகப் போய்க் குந்தினார்.

"என்ன செய்யுது அண்ணை?"

"ஒண்டுமில்லை. மூச்சுக் கொஞ்சம்."

அவருடைய முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. தொப்பி மடியில் கிடந்தது.

"நான் இறங்கி வாறன்."

"இருந்த இடத்திலை இரு. தடியை விட்டால் ரெண்டு குதிரையும் கோச்சோடை பள்ளத்துக்கை."

"ஒரு கல்லை எடுத்துச் சில்லுக்கு வையுங்கோ அண்ணை. ஒரே ஒரு கல்லு. நான் உடனே இறங்கிடுவன்."

அவர் பக்கத்தில் கிடந்த ஒரு கல்லைப் பார்த்தார். கையை நீட்டினார். எழும்பப் பார்த்தார். முடியவில்லை. திரும்பக் குந்தினார். கல் அங்கேயே கிடந்தது. என் சட்டைப்பையில் ரெலிபோன் இருந்தது. ஒரு கையில் வார், ஒரு கையில் தடி. எதை விடுவது?

நான் கத்தினேன். காட்டுப்பக்கம் பார்த்து, ஆராவது வாங்கோ, ஆராவது ஓடி வாங்கோ என்று வாழ்க்கையில் ஒருநாளும் கத்தாத மாதிரிக் கத்தினேன். தூரத்தில் மாடுகளின் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. எங்களோடு வந்தவர்கள் எல்லோரும் மலையின் மற்றப் பக்கத்தில் நிழலில் நடந்துகொண்டிருந்தார்கள்.

"நல்லாக் கத்துறாய்," என்றார் அண்ணை. "இந்தக் குரலை எங்கை வைச்சிருந்தனி?"

"கதைக்காதையுங்கோ அண்ணை. பேசாமல் இருங்கோ."

"இடதுபக்கத்தான்ரை வாயிலை நுரை இருக்கோ பார்."

பார்த்தேன். "இல்லை அண்ணை."

"நல்லது," என்றார். சற்று நேரம் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பக்கமாகச் சரிந்தார். நித்திரைக்குச் சரிகிற ஆள்போல, மெல்ல.

நான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கூப்பிடக் கூப்பிட என் கை தடியை இன்னும் இறுக்கிப் பிடித்தது. அவர் விடாதே என்றார், நான் விடவில்லை. விட்டிருந்தாலும் என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. குதிரைகள் அசையாமல் நின்றன. ஒன்று மட்டும் தலையைத் திருப்பி அவர் கிடந்த பக்கத்தைப் பார்த்தது.

கோச் வரக் காணவில்லை என்று வளைவில் காத்து நின்றவர்கள் கீழே இறங்கி வந்தார்கள். மருமகன்தான் முன்னால் ஓடி வந்தான். கையில் கட்டை இருந்தது. முதலில் அதைச் சில்லுக்கு வைத்தான். பிறகுதான் நான் இறங்கினேன். ஹெலிகொப்டர் வந்தது. அதில் வந்தவர்கள் வெகுநேரம் அவருடைய நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். பிறகு எழும்பி, கையுறைகளைக் கழற்றினார்கள்.

அடக்கம் முடிந்து சனம் கலைந்த பிறகு, அக்காவின் வீட்டுக் குசினியில் நானும் அவரும்தான் இருந்தோம். குதிரைகளைக் கமக்காரர் தன் புல்வெளியில் விட்டிருந்தார். இனி அவற்றை ஆரும் பூட்டப்போவதில்லை என்று அக்கா தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

"நீதானே தம்பி கிட்ட நிண்டனி," என்றார். "கடைசியா என்ன சொன்னவர்?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"என்னைக் கேட்டவரோ? பிள்ளையளை?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டு, "இடதுபக்கக் குதிரைக்கு நுரை தள்ளுதோ எண்டு கேட்டவர் அக்கா," என்றேன்.

யன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"தள்ளினதோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். வந்தவர்கள் குடித்துவிட்டு வைத்திருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். நான் கழுவுகிறேன் என்று சொல்லி நானும் எழும்பினேன்.